உள்ளே அடித்த வெள்ளை

முருகையனுக்குத் தன் அக்கா வீட்டுக்காரர் அரிகிருஷ்ணன் மேல் பதினைந்து வருடமாக ஒரு மனத்தாங்கல் இருந்தது. கேட்டால் சிரிப்பீர்கள். பட்டாளத்து டேங்கு மாதிரி ஒரு பொம்மை, அதற்குப் பெயிண்ட் அடிக்கிறேன் என்று கேட்டான். அவர் கொடுக்கவில்லை.

கொடுக்காததுகூடப் பரவாயில்லை. பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் அவன் பெயிண்ட் பட்டறை வாசலில், வண்டி விட வந்தவர்கள் நாலு பேர் நின்றுகொண்டிருந்தபோது, "நீ மட்கார்டுக்கு அடிக்கிற ஆளுடா. இதுல கை வைக்காத" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார். நாலு பேரில் ஒருத்தன் சிரித்தான். அவன் முகம் இன்றைக்கும் முருகையனுக்கு ஞாபகம் இருக்கிறது.

"புல்லட் பெட்ரோல் டேங்குல ஸ்கேல் வைக்காம கோடு இழுக்கறவன் நான். சென்னையிலேருந்து தேடிகினு வர்றானுங்க. ஒரு சாண் பொம்மைக்கு எனக்கு அடிக்கத் தெரியாதாமா?" என்று அக்கா தனக்கொடியிடம் போய்க் கத்தினான்.

"அவரு கொணந்தான் ஒனக்குத் தெரியுமே. விட்டுத் தள்ளு. சோறு தின்றியா?" என்றாள் அக்கா. அவளுக்கு எல்லாவற்றுக்கும் சோறுதான் பதில்.

விட்டுத் தள்ள முடியவில்லை. அந்தக் கையில் ஸ்பிரே கன்னைக் கொடுத்ததே அரிகிருஷ்ணன்தானே. முருகையன் ஆறாவது படிக்கும்போது அப்பா போய்ச் சேர்ந்தார். அதே வருடம்தான் மாமா பதினைந்து வருடப் பட்டாளத்தை முடித்துக்கொண்டு பென்ஷனோடு ஊர் வந்தார். பையனின் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் கையைப் பிடித்து ஒரு பெயிண்ட் பட்டறையில் கொண்டுபோய் விட்டார். "படிப்புதான் ஏறல. தொழிலாவது ஏறட்டும்" என்றார். ஏறியது. தெருவே ஒத்துக்கொண்டது. ஏற்றிவிட்டவர் மட்டும் ஒரு தடவை வாயைத் திறந்து நல்லா இருக்கு என்று சொன்னது கிடையாது.

அரிகிருஷ்ணன் அப்படித்தான். ஆறடி உயரம், ஒட்டின வயிறு, கிராப்பு மட்டும் கடைசி வரைக்கும் பட்டாளத்துக் கிராப்பு. ஊருக்கு வந்த பிறகு ஒரு மில்லில் பிட்டராக இருந்தார். மில்லை மூடியதும் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். பட்டாளத்துக்காரர்கள் கூடுகிற கூட்டம், விழா எதற்கும் போக மாட்டார். சண்டையைப் பார்த்தவர் என்று ஊருக்குத் தெரியும். ஆனால் எழுபத்தொன்றில் பாகிஸ்தான் சண்டையில் என்ன நடந்தது என்று கேட்டால், "குளுரு ஜாஸ்தி" என்பார். அவ்வளவுதான். வீட்டில் யாராவது கருவாடு சுட்டால் சட்டையைக்கூட மாட்டாமல் எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விடுவார். வாசனை ஆகாது என்று நினைத்து அக்கா நாற்பது வருடமாகக் கருவாட்டைக் குழம்பில்தான் போட்டாள்.

அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு அந்த டேங்குதான். டி-55 என்று ஒரு ருஷ்ய டேங்கு. நம் பட்டாளம் அந்தச் சண்டையில் ஓட்டியது. அதையே முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, பிளாஸ்டிக்கில் துண்டு துண்டாக ஒரு பெட்டியில் விற்கிறார்கள். சென்னையில் ஒரு கடையிலிருந்து கூரியரில் வரும். ஆயிரம் துண்டுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றையும் சட்டத்திலிருந்து வெட்டி, பிசிறை வாட்டர் பேப்பரில் தேய்த்து, இடுக்கியில் பிடித்து ஒட்ட வேண்டும். ஒரு டேங்கு முடிய இரண்டு வருடம், மூன்று வருடம் ஆகும்.

இருபது வருடத்தில் ஐந்து செய்தார். ஐந்தும் அதே டேங்கு. வேறு கப்பல், விமானம் எதுவும் கிடையாது. முதல் இரண்டுக்கும் பெட்டியில் உள்பக்கச் சாமான் வரவில்லை. அட்டையை வெட்டி அவரே உள்ளே சீட்டு, குண்டு வைக்கிற அடுக்கு, டிரைவர் பிடிக்கிற லிவர் எல்லாம் செய்தார். செய்து, உள்பக்கம் பூரா மெல்லிய பிரஷ்ஷால் வெள்ளை அடிப்பார். இரண்டு கோட்டு. காய்ந்ததும் மேல்மூடியை வைத்துப் பசை போட்டு ஒட்டிவிடுவார். அப்புறம் உடைத்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். வெளியே ஒரு பச்சையைத் தடவிக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிடுவார்.

"மூடப்போற எடத்துக்கு இன்னாத்துக்கு மாமா ரெண்டு கோட்டு? வெளிய பாருங்க, பச்ச திட்டுத் திட்டா நிக்கிது. எவன் பாத்தாலும் காறித் துப்புவான்."

"ஒன்னப் பாக்கச் சொன்னனா? போடா."

போன வருடத்துக்கு முந்தின மழைக்காலத்தில் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டீ டம்ளர் ஆடியது. அப்புறம் சட்டைப் பொத்தான் அக்கா கைக்கு வந்தது. ஆறாவது டேங்கு அரைகுறையாக மேசைமேல் கிடந்தது. இடுக்கியில் ஒரு துண்டைப் பிடிப்பார், துண்டு தெறித்துப் போகும், அக்காவும் அவரும் தரையில் தவழ்ந்து தேடுவார்கள். ஒரு நாள் தேடுவதை நிறுத்திவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

மறுநாள் பட்டறைக்குப் போன் வந்தது. "முருகையா, வேல முடிஞ்சா வூட்டுக்கு வா."

வந்தான். அவர் மேசையைக் காட்டினார். "கை நிக்கல. நீ ஒட்டு."

"மட்கார்டுக்கு அடிக்கிற ஆளு மாமா நானு."

"குத்திக் காட்னது போதும். குந்து."

அக்கா உள்ளேயிருந்து, "அப்பிடிக் கேளுடா தம்பி! எங்கிட்டதான் பதினஞ்சி வருசமாப் பொலம்புன, இப்பதான் நேரா கேட்ட" என்று சிரித்தாள். மாமாவும் வாயோரம் சிரித்த மாதிரி இருந்தது.

ஐந்து மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உட்கார்ந்தார்கள். அவர் சொல்லச் சொல்ல இவன் ஒட்டினான். விரல் நகத்து அளவு டிரைவர் சீட்டு. அதற்குப் பக்கத்தில் ஈர்க்குச்சி மாதிரி இரண்டு லிவர். படம் போட்ட காகிதத்தை அவர் பார்க்கவே மாட்டார். "அது இல்ல, அதுக்குப் பின்னாடி. அங்க கை உட்டா முட்டி இடிக்கும். ஆங், அதான்" என்பார். ஒரு சாண் சாமானுக்குள் முழு ஆளாக இறங்கி உட்கார்ந்திருப்பது போலப் பேசினார்.

உள்பக்கம் முடிந்தது. வெள்ளை அடிக்க வேண்டியதுதான் பாக்கி. அவர் ஒரு சின்ன பாட்டிலை எடுத்து நீட்டினார். "இதுல இருக்கறத மட்டும் அடி. பிரஷ்ல அடி. அவசரப்படாத."

பாட்டிலைப் பார்த்ததும் முருகையனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தண்ணீரில் கலக்கிற பெயிண்ட். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படம் போடுவது. பதினைந்து வருடம் கழித்து வேலை கைக்கு வந்திருக்கிறது, அதைத் தண்ணி பெயிண்டிலா காட்டுவது? தூசி இல்லாத இடத்தில் அடிக்கிறேன் என்று சொல்லிப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனான். கம்ப்ரஸரைப் போட்டான். காருக்கு அடிக்கிற நல்ல என்.சி. வெள்ளையில் தின்னரைத் தாராளமாக ஊற்றிக் கலக்கி, கன்னைத் தள்ளிப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கோட்டு அடித்தான். அடித்த கையோடு பார்த்தால் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. இதைப் பார்த்துவிட்டு மாமா என்ன சொல்கிறார் பார்க்கலாம் என்று ஒரு பீடியைப் பற்றவைத்தான்.

பீடி முடிவதற்குள் பெயிண்ட் பாலாடை மாதிரி சுருங்கியது. வண்டியில் வருகிற பிளாஸ்டிக்குக்கு எத்தனையோ தடவை அடித்திருக்கிறான், அது தாங்கும். இந்தப் பிளாஸ்டிக் தின்னரைத் தாங்காது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? தரை கொப்பளித்து எழும்பியது. டிரைவர் சீட்டு மெழுகு மாதிரி இளகி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. லிவர் இரண்டும் வளைந்து தலையைத் தொங்கப்போட்டன. ஐந்து மாத வேலை. அதுவும் அவர் கை போன பிறகு செய்த வேலை.

மூன்று நாள், "இன்னும் காயல மாமா" என்றான். நாலாம் நாள் அக்கா போன் பண்ணினாள். "இன்னாடா, தொரைக்கு அம்மாம் வேலயா? வாசல்லயே பாத்துகினு குந்திருக்காருடா. காயலன்னா ஈரத்தோடயே எடுத்துகினு வா."

மறுநாள் காலையில் எடுத்துப் போனான். மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். நாலு கெட்ட வார்த்தையாவது விழும் என்று தெரியும். விழட்டும்.

"தின்னர் ஊத்துனியா?"

"ஆமா மாமா."

"முட்டாப் பய. நாப்பது வருசம் கன் புடிச்சி இன்னாத்த கிழிச்ச?" என்றார். சொல்லிவிட்டுக் குனிந்து உள்ளே பார்த்தார். சாய்ந்த சீட்டின்மேல் ஒரு விரலை வைத்தார். எடுக்கவில்லை. அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தாள், அது ஆறி ஏடு கட்டியது. அப்புறம்,

"இப்பிடித்தான் சாஞ்சிருந்துச்சி" என்றார்.

முருகையனுக்குப் புரியவில்லை.

"நான் சண்ட போடலடா. அடிபட்ட டேங்க இழுத்தாந்து சரி பண்ற கூட்டத்துல இருந்தேன். நாலு பேரு. அன்னிக்கி ஒண்ணு வந்துச்சி. வெளிய பாத்தா ஒண்ணுமில்ல, பக்கவாட்டுல ஒரு கை நொழையற அளவுக்கு ஓட்ட. உள்ளாறதான்..." நிறுத்தினார். "எடுக்க வேண்டியத எடுத்துப் பொதச்சிட்டு, மண்ணு போட்டுத் தேச்சோம். டீசல் ஊத்திக் கழுவுனோம். கருகுன வாசன போவல. ஓட்டைய அடச்சாச்சி. காலைக்கி புது ஆளுங்க ஏறணும், உள்ள வெள்ள அடின்னாங்க. அடிச்சேன். ரெண்டு கோட்டு. இந்த சீட்டு சூட்டுல சாஞ்சி போயிருந்துச்சி. மாத்தறதுக்கு வேற கெடையாது. சுத்தியால தட்டி நிமித்தி மேல ஒரு படுதாவச் சுத்துனேன்."

அந்தச் சீட்டில் உட்கார வந்தவன் மண்ணாங்கட்டி. கனகசெட்டிக்குளத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. அவனுக்கு முன்னால் பிறந்த மூன்றும் செத்துப் போனதால், இதையாவது சாவு தொடாமல் போகட்டும் என்று பெற்றவர்கள் வைத்த பேர். கடலுக்குப் போனால் வாந்தி எடுப்பான், அதனாலேயே பட்டாளத்துக்கு வந்தவன். அந்தப் பனியில் பாண்டிச்சேரித் தமிழ் பேச மாமாவுக்குக் கிடைத்த ஒரே ஆள்.

"வண்டிய ஒரு சுத்து சுத்திப் பாத்தான். தலைய உள்ள உட்டுப் பாத்தான். அப்பால எங்கிட்ட வந்து, 'மச்சான், நெசத்த சொல்லு, இதுல யாராவது செத்தானா? ஆளு செத்த படகுல எங்கம்மா எங்கப்பனயே ஏற உடாது. எனக்கு முன்னாடி மூணு போச்சி'ன்னான். நான் சிரிச்சேன்டா. சிரிச்சிட்டு, 'புது வண்டிடா. பெயிண்ட் வாசன வரல?'ன்னேன். மோந்து பாத்தான். 'ஆமா மச்சான்'னு சொல்லிட்டு ஏறிக் குந்திட்டான்."

தெருவில் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போனது.

"ரெண்டாம் நாளு அந்த வண்டிய இழுக்கவும் நாங்கதான் போனோம்."

"அதுக்கும் வெள்ள அடிச்சிங்களா மாமா?"

"அடிச்சேன். அதுக்கப்புறம் ஏற வந்தவன் எவனும் எங்கிட்டக் கேக்கல."

லீவில் ஊருக்கு வந்தபோது கனகசெட்டிக்குளத்துக்குப் போயிருக்கிறார். அவன் அம்மா சோறு போட்டுவிட்டு, "எம்புள்ள எதுல போனான் தம்பி?" என்று கேட்டாள். புது வண்டிம்மா என்று அங்கேயும் சொன்னார். அந்தத் தாய் அதைப் பிடித்துக்கொண்டாள். அவள் செத்துவிட்டாள். அவனுடைய தங்கச்சி தில்லையம்மாள் மட்டும் இருக்கிறாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை பஸ் ஏறியிருக்கிறார். பாதி வழியில் காலாப்பட்டு வரை போவார், இறங்குவார், எதிர்ப்பக்கம் போய்த் திரும்பி வருகிற பஸ்ஸைப் பிடிப்பார்.

"திரும்பி வந்ததும் தூக்கம் வராது. டேங்க எடுத்து வச்சிகினு குந்திருவேன். உள்ள வெள்ள அடிச்சி மூடிட்டா கொஞ்ச நாளைக்கித் தூக்கம் வரும். அந்த வெள்ளைய இன்னொருத்தன் கையில குடுக்கக் கூடாதுன்னு இருந்தேன். கை போச்சி, குடுத்துட்டேன்."

முருகையன் டேங்கின் மேல்மூடியைக் கையில் எடுத்தான்.

"இத மூடாத. வர்ற ஞாயித்துக்கெழம நீ வண்டிய எடு. ரெண்டு பேரும் போவோம். நீ கூட வந்தா காலாப்பட்டுல எறங்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை குளிக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இடுப்புக்குப் பார்ப்பதற்குள் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. அக்கா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் நாள் சாயங்காலம் அவளை முகம் கழுவி வரச் சொல்லி அனுப்பிவிட்டு, முருகையனைக் கிட்டே கூப்பிட்டார். பேச்சு காற்றோடு காற்றாக வந்தது.

"நீ போய் தில்லையம்மாகிட்ட சொல்லு. புது வண்டி இல்லன்னு சொல்லு. நான்தான் கழுவுனேன், நான்தான் அடிச்சேன், அவன் கேட்டான், நான்தான் பொய் சொன்னேன். எல்லாத்தையும் சொல்லு. அந்த டேங்கையும் எடுத்துகினு போய்க் காட்டு."

"நீங்களே வந்து சொல்லுவீங்க மாமா. சும்மா இருங்க."

"கேளுடா. ஒனக்கு வாய் நீளம். அவ திட்டுவா. அப்ப 'எங்க மாமாவுக்கு மேலிடத்துல சொன்னாங்க, அவருக்கு அப்ப இருவத்தியொரு வயசு, அவரு சொல்லலன்னாலும் ஒங்க அண்ணன அனுப்பித்தான் இருப்பாங்க' அது இதுன்னு எனக்காவ ஒரு வார்த்த பேசக் கூடாது. இன்னா சொன்னாலும் நின்னு கேளு. அவ முடிக்கிற வரைக்கும் நில்லு."

அதற்கப்புறம் இரண்டு நாள் இருந்தார்.

கருமாதி முடிந்த மூன்றாம் நாள் முருகையன் டேங்கைக் கூரியர் பெட்டியில் பழைய துணி வைத்துப் பொதிந்து, வண்டி முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பினான். காலாப்பட்டு வந்ததும் அவனும் வண்டியை நிறுத்தினான். ஒரு டீ குடித்தான். அப்புறம் நேராகப் போனான்.

தில்லையம்மாள் வீட்டு வாசலில் தார்ப்பாய் விரித்து நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தாள். எழுபது வயது இருக்கும், குரல் மட்டும் ஏலம் விடுகிற குரல். யார் என்று கேட்டாள். அரிகிருஷ்ணனின் மச்சினன் என்று சொன்னதும் முகம் மலர்ந்தது.

"எங்க அண்ணங்கூடப் பட்டாளத்துல இருந்தவருன்னு எங்கம்மா சொல்லும். ஒசரமா, பச்ச சட்ட போட்டுகினு வந்தாரே, அவரா? எங்கம்மா வஞ்சிர மீனு வறுத்துப் போட்டுச்சே. நல்லாகீறாரா?"

"தவறிட்டாரும்மா. இருவது நாளாச்சி."

"அடப் பாவமே. குந்து தம்பி."

அவன் குந்தவில்லை. நின்றபடியே சொன்னான். முருகையனுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது, மட்கார்டுக்கு இவ்வளவு, பெட்ரோல் டேங்குக்கு இவ்வளவு என்று கூலி சொல்கிற மாதிரிதான் சொன்னான். சொல்லி முடித்துப் பெட்டியைத் திறந்து, ஒட்டாத மேல்மூடியை எடுத்து வைத்தான். அவள் செதில் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இதுலயா எங்கண்ணன் குந்திருந்தான்?"

"ஆமாம்மா."

"அதுக்கு முன்னாடி?"

"வேற ஒருத்தரு. பேரு தெரியாது."

அவள் நிமிர்ந்தபோது அழவில்லை.

"சாவுற வரைக்கும் எங்கம்மா அதத்தான்டா சொல்லிகினு இருந்துச்சி. எம்புள்ள புது வண்டியில போனான், எவன் தீட்டும் அவனத் தொடலன்னு. இந்தத் தெருவு பூரா சொல்லிச்சி. நானும் எம்புள்ளைங்களுக்கு அதத்தான் சொன்னேன். அம்பது வருசம் கழிச்சி அத எடுத்துகினு போறதுக்கா வந்த? அவன் கேட்டான்ல? வாயத் தொறந்து கேட்டான்ல? செத்திருக்கான்டான்னு ஒரு வார்த்த சொன்னா எங்கண்ணன் ஏறியே இருக்க மாட்டான். காலு ஒடஞ்சிருச்சின்னு படுத்திருப்பான், ஓடி வந்திருப்பான், ஜெயில்லயாவது உசுரோட கெடந்திருப்பான். சொல்லு. எங்கண்ணன் ஏறியிருப்பானா?"

குரல் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வாசலுக்கு வந்தார்கள். முருகையனுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அம்மா, அவருக்கு அப்போது இருபத்தியொரு வயசு. பல்லைக் கடித்துக்கொண்டான்.

"எங்கம்மா கையால சோறு தின்னுட்டு, அது மூஞ்சியப் பாத்து அந்தப் பொய்ய சொல்லிட்டுத்தானே போனான் அந்த மனுசன்? கேக்கறன்ல, இன்னா நிக்கிற? ஊமையா நீ?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தார்ப்பாயில் காக்கை இறங்கி நெத்திலியைக் கொத்தியது, அவள் விரட்டவில்லை. அவள் இன்னும் முடிக்கவில்லை. முருகையன் திறந்த பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றான்.